மல்டிகேப் ஃபண்டை நிஃப்டி 50-ஓட ஒப்பிடலாமா? ஆப் ஒண்ணு சொல்லுது, ஃபேக்ட்ஷீட் ஒண்ணு சொல்லுது

பழைய வண்ணை:
மல்டிகேப் ஃபண்ட், ரெகுலர் பிளான் (ஏஜென்ட் கமிஷன் சேர்ந்தது). 2022 ஜனவரியிலிருந்து மாசம் 5,000 எஸ்ஐபி. ஆப்ல என் எக்ஸ்ஐஆர்ஆர் (தவணை தேதிகளை வச்சுப் போடுற வருஷ வருமானம்) பக்கத்துலயே நிஃப்டி 50-ஓட 3 வருஷ வருமானம் வருது, ஃபண்ட் மேலே இருக்கு. ஃபண்ட் கம்பெனி போடுற ஃபேக்ட்ஷீட்ல பார்த்தா பெஞ்ச்மார்க்கை (ஃபண்டை ஒப்பிடுற இண்டெக்ஸை) விடக் கம்மி. எதை நம்பறது? நிறுத்திடவா?

ராயபுரம் தராசு:
ஃபேக்ட்ஷீட்டைப் பிடிங்க சார். வஞ்சிரம் விலையை நெத்திலி விலையோட வச்சுப் பார்த்தா காசிமேட்டுலயே சிரிப்பாங்க. நிஃப்டி 50-ல இருக்கிறது பெரிய கம்பெனிங்க மட்டும். மல்டிகேப்னா லார்ஜ், மிட், ஸ்மால் (பெரிய, நடுத்தர, சின்ன கம்பெனிங்க) மூணுலயும் தலா குறைஞ்சது 25% கட்டாயம். அதுக்குப் பொருந்துறது நிஃப்டி 500 மல்டிகேப் 50:25:25 டிஆர்ஐ. மிட்டும் ஸ்மாலும் ஓடுற காலத்துல சுமாரான மல்டிகேப்கூட நிஃப்டி 50-ஐத் தாண்டிடும், அதுல மேனேஜருக்கு எந்தப் பெருமையும் இல்ல.

டிஆர்ஐ-ங்கிறது முக்கியம், அதாவது டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ், டிவிடெண்டையும் சேர்த்த கணக்கு. ஃபண்டுக்கு வர்ற டிவிடெண்ட் என்ஏவியிலயே (ஒரு யூனிட்டோட விலையிலயே) சேர்ந்திருக்கு. டிவியில ஓடுற நிஃப்டியில டிவிடெண்ட் கிடையாது, வருஷத்துக்கு 1%-க்கு மேல அங்கயே ஃபண்டுக்கு ஓசி லீடு. இதனாலதான் 2018 பிப்ரவரியிலிருந்து டிஆர்ஐ-யோடதான் ஒப்பிடணும்னு செபி சொல்லிடுச்சு.

பெரம்பூர் லோகோ:
இன்னொரு கோளாறும் இருக்கு. எக்ஸ்ஐஆர்ஆர் தவணையில போட்ட பணத்துக்கு. இண்டெக்ஸோட 3 வருஷ வருமானம் மொத்தமா ஒரே நாள்ல போட்ட பணத்துக்கு. பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது.

நீங்களே போட்டுப் பாருங்க. சிஏஎஸ் ஸ்டேட்மெண்ட்ல (உங்க எல்லா ஃபண்ட் கணக்கும் ஒண்ணா வர்ற ஸ்டேட்மெண்ட்) யூனிட் ஒதுக்கின தேதிகளை எடுங்க. பேங்க்ல பணம் போன தேதி வேணாம். நிஃப்டி இண்டைசஸ் சைட்ல டோட்டல் ரிட்டர்ன்ஸ் பழைய டேட்டாவை இறக்குங்க. ஒவ்வொரு தேதிக்கும் 5,000-ஐ அன்னிய டிஆர்ஐ-யால வகுங்க. டிஆர்ஐ 12,500-னா 0.4 யூனிட், 10,000-னா 0.5. கூட்டின 0.9-ஐ இன்னிய டிஆர்ஐ, 15,000-னு வைங்க, அதால பெருக்கினா 13,500. அதே தேதியில உங்க ஃபண்ட் மதிப்பு இதுக்கு மேலயா கீழயா, அவ்வளவுதான். ஸ்டேட்மெண்ட்ல 4,999.75-னு இருந்தா பதறாதீங்க, 25 பைசா ஸ்டாம்ப் டூட்டி.

பழைய வண்ணை:
போட்டுப் பார்த்தேண்ணா, ஃபண்ட் கீழதான். ரெகுலர் பிளான்ங்கிறதாலயா?

பெரம்பூர் லோகோ:
அதே ஷீட்ல டிஆர்ஐ இடத்துல டைரக்ட் பிளான் (அதே ஃபண்ட், கமிஷன் இல்லாதது) என்ஏவியைப் போடுங்க, ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிங்க சங்கம்) சைட்ல பழைய என்ஏவி கிடைக்கும். டைரக்ட் டிஆர்ஐ-யை ஜெயிச்சா கமிஷன்தான் தின்னிருக்கு. அதுவும் தோத்தா ஃபண்டுதான் சரியில்ல.

ராயபுரம் தராசு:
ஒரு முடிவுத் தேதியை மட்டும் வச்சு நிறுத்தாதீங்க. 3 வருஷ ரோலிங் ரிட்டர்ன் (தொடக்கத் தேதியை மாத்தி மாத்திப் போடுற 3 வருஷ வருமானம்) பாருங்க. டைரக்ட் பிளானே பாதிக்கு மேற்பட்ட தடவை டிஆர்ஐ-க்குக் கீழன்னா மாத்துங்க. கமிஷன்தான் காரணம்னா ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்திட்டு டைரக்ட்ல புதுசா தொடங்குங்க. பழைய யூனிட்டை ஒரே அடியா மாத்த வேணாம், ஸ்விட்ச் பண்ணாலும் வித்த கணக்குதான். ஒரு வருஷம் தாண்டின தவணைகளை மட்டும், நிதியாண்டுக்கு லாபம் 1.25 லட்சத்துக்குள்ள வர்ற மாதிரி நகர்த்துங்க. அதுக்கு மேல போனா 12.5% வரி.