ஈரல் மாற்று: சென்னையில் ஒரு வழி, லண்டனில் வேறு வழி ஏன்?

களுவாஞ்சிகுடி வாசகி:
என் அத்தானுக்கு ஈரல் சுருங்கிவிட்டது; மாற்று ஈரலைத் தவிர வேறு வழியில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சென்னையில் விசாரித்தபோது, குடும்பத்தில் யார் ஈரல் கொடுப்பார்கள் என்பதையே முதலில் கேட்டார்கள். லண்டனிலுள்ள சித்தப்பாவோ, அங்கே பெரும்பாலும் இறந்தவரின் ஈரலுக்காகவே காத்திருப்பார்கள் என்கிறார். ஒரே நோய்க்கு ஏன் இரண்டு வழிகள்? அக்கா கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார். எங்களுக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

கல்முனைத் தாதி உத்தியோகத்தர்:
சகோதரி, சத்திரசிகிச்சை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஈரல் எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் மாறுகிறது. ஸ்பெயினில் 1989இல் தேசிய அமைப்பொன்றை நிறுவி, மூளைச்சாவடைந்தவரின் குடும்பத்தோடு பேசப் பயிற்சி பெற்றவர்களை வைத்தியசாலைகளிலேயே அமர்த்தியதால், அங்கே இறந்தவர்களின் உறுப்புகள் பெருமளவில் கிடைக்கின்றன. ஜப்பானில் மூளைச்சாவடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்க 1997வரை சட்டம் இருக்கவில்லை. அதனால்தான் 1989இல் ஒரு ஜப்பானியத் தாய் தன் மகனோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் வரை போனார். அவருடைய ஈரலில் ஒரு துண்டை ரசல் ஸ்ட்ரோங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அந்தப் பிள்ளைக்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம்மவர்கள் சென்னைக்குப் போவதை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தாய்தான் என் நினைவுக்கு வருகிறார்.

தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் இருந்தாலும், இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தாதபோதுதான் வெளிநாட்டவருக்கு அவை கிடைக்கும். ஆகவே உங்களிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை. கொழும்பிலும் ராகமவிலும் இச்சிகிச்சை நடப்பதால், முதலில் அங்கே ஒரு வைத்தியரின் கருத்தைக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
வாப்பாவுக்கு என் ஈரலின் வலது பாகத்தைக் கொடுத்தவன் நான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவேன். வலி தணிய ஆறு வாரமானது. மிஞ்சிய ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கொடுப்பவருக்கும் உயிராபத்து சிறிதளவு உண்டு என்பதை அக்காவிடம் மறைக்காதீர்கள். இந்தியாவில் அனுமதி வழங்கும் குழு என்னைத் தனியே இருத்தி, யாரேனும் வற்புறுத்தினார்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியை நீங்களும் அக்காவிடம் வீட்டிலேயே, அத்தான் இல்லாத நேரத்தில், கேட்டுவிடுங்கள். உறவை நிரூபிக்கும் பத்திரங்களும் தூதரகச் சான்றும் வேண்டும்.

களுவாஞ்சிகுடி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அக்காவிடம் தனியாகக் கேட்டேன். தனக்குப் பயம் இருக்கிறது, ஆனாலும் கொடுக்கத்தான் விருப்பம் என்றார். திருமணச் சான்றிதழின் பிரதிக்காக நாளை பிரதேச செயலகம் போகிறோம்; அதன் பிறகு ராகம.