குளிர்காலத்திற்கு உலர்புல் வாங்குதல்: கட்டுக் கணக்கா, எடைக் கணக்கா?

கேள்வி (தொழுவத்தான்):
வணக்கம். என்னிடம் சராசரியாக 500 கிலோ எடையுள்ள 30 பசுக்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் குளிர்காலக் கடைசியில் கன்று ஈன இருப்பவை. மேய்ச்சல் அடியோடு நின்றுவிடும் 120 நாட்களுக்கு உலர்புல் வாங்கி இருப்பு வைக்க வேண்டும். ஒரு வியாபாரி, வெட்டவெளியில் அடுக்கியிருந்த உருளைக் கட்டுகளை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். மற்றொருவரிடம் உள்ள கொட்டகைச் சரக்கு, கட்டுக்குக் கட்டு விலை கூடுதல். சென்ற குளிர்காலத்தில் மலிவுச் சரக்கைத்தான் வாங்கினேன். காடியில் ஒருநாளும் புல் குறையவில்லை, மாடுகளும் வயிறு புடைக்கத் தின்றன. ஆயினும் கன்று ஈனும் வேளையில் அவற்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. இம்முறை எவ்வளவு வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

பதில் (எடைமேடை):
ஐயா, முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு பசு தன் உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் வரை உலர் பொருளாக நாள்தோறும் உண்ணும். 500 கிலோ பசுவுக்கு 11 கிலோ என்று வைத்துக்கொண்டால், உலர்புல்லிலும் 12 சதவீதம் ஈரம் இருக்கும் என்பதால், தலைக்கு 12.5 கிலோ புல் வேண்டும். 30 மாடுகளுக்கு 120 நாட்களுக்கு 45 டன். பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் 50 டன். தரையில் அப்படியே பரப்பிப் போடுகிறவர்களுக்கு இதுவும் போதாது. மிதித்தும் படுத்தும் சாணமிட்டும் மாடுகள் கழிக்கும் புல், தின்பதற்கு ஏறக்குறைய நிகராகிவிடுவதுண்டு.

வெட்டவெளிக் கட்டைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றிலும் 15 சென்டிமீட்டர் கறுத்துப் போயிருந்தால், பார்வைக்கு அது மேல்தோல்தான். ஆனால் கட்டின் கன அளவில் 36 சதவீதம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மலிவு என்று சொல்லப்படும் விலையை மீதமுள்ள 64 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். கட்டின் எடையை வியாபாரியின் வாய்ச்சொல்லாக ஏற்கவும் வேண்டாம். 400 கிலோ என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கட்டுகளில் பத்தை எடைமேடையில் ஏற்றியபோது சராசரி 340 தான் வந்தது. அன்றிலிருந்து நான் டன் கணக்கில் மட்டுமே விலை பேசுகிறேன்.

பதில் (நடுப்பண்ணை):
மேலே உள்ள கணக்கு சரியே. ஆனால் வயிறு நிறைந்தும் மாடு மெலிந்ததற்கு அது விடையாகாது. கதிர் முற்றிய பின் அறுத்த புல்லில் நார் மிகுந்து புரதம் குறைந்துவிடும். புரதம் 7 சதவீதத்திற்குக் கீழே போனால் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க வலுவின்றித் திணறுகின்றன. தின்றது உள்ளேயே தேங்கி நிற்க, மாடு நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கிறது. சென்ற ஆண்டு உங்கள் மாடுகளின் சாணம் இளகிப் பரவாமல், அடுக்கடுக்காக, கெட்டியாக விழுந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புரதக் குறைவுக்கு அது நல்ல அடையாளம்.

பால் வற்றிய, நடுச்சினை மாட்டுக்கு 7 அல்லது 8 சதவீதம் போதும். கடைசி இரண்டு மாதங்களில் 9, ஈன்று பால் கொடுக்கும்போது 11க்குக் குறையாமல் வேண்டும். எனவே எல்லாவற்றையும் உயர்தரமாக வாங்க வேண்டியதில்லை. சுமாரான புல்லை முதலில் செலவழித்து, நல்லதைப் பின்மாதங்களுக்கு ஒதுக்கினால் போதும். எது எந்தத் தரம் என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெயிலில் வெளுத்த புல்லில் புரதம் குறையாமல் இருக்கலாம், பச்சைப்பசேலென்ற புல் வெறும் தண்டாகவும் இருக்கலாம். ஒரே வயலில் ஒரே அறுப்பில் வந்த சரக்கில் 15 அல்லது 20 கட்டுகளைத் துளையிட்டு, நடுப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புங்கள். கையால் பிடுங்கிய மாதிரியில் இலை உதிர்ந்து தண்டு மட்டும் சேர்வதால் முடிவு பிசகும்.

பதில் (தொழுவத்தான்):
இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே சாணம் கெட்டியாகத்தான் விழுந்தது. குளிரின் விளைவு என்று எண்ணி விட்டுவிட்டேன். குளிருக்காகத் தீவனத்தைக் கூட்ட வேண்டுமா? கொட்டகைச் சரக்கில் ஒரு கட்டினுள் கையை விட்டபோது இளஞ்சூடாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில் (எடைமேடை):
அந்தச் சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். 20 சதவீதத்திற்கு மேல் ஈரத்தோடு கட்டிய புல் அடுக்கிய சில வாரங்களுக்குள் சூடேறும். உட்புறம் 70 டிகிரியை நெருங்கினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தீ வராவிட்டாலும் புல் பழுப்பேறி, கருகிய வெல்ல வாசனை வீசும். மாடுகள் அதை விரும்பித் தின்னும், ஆனால் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறியிருக்கும். சூடு முழுதும் அடங்கிய பிறகு மாதிரி எடுத்து, அதன்பின் விலை பேசுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, உரோமம் அடர்ந்து உலர்ந்திருக்கும் மாடு உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி வரை தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே கூடுதல் ஆற்றல் தேவைப்படும். அந்த எல்லைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் தோராயமாக 2 சதவீதம் தீனியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மழையும் காற்றும் அடிக்காத ஒரு மறைப்பு இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும்.