இத்தாலியின் டஸ்கனி மலையூர்களும் ஒயின் தோட்டமும், குடும்பத்தோடு ஒரு நாள்: மனசில் நிற்கிற ஒன்றை எழுதுங்கள்

கோட்டைவாசல்:

சான் ஜிமிஞ்ஞானோவின் தெற்கு வாசலுக்கு முன்னால் நிற்கும் அந்த வட்டப் பலகை. வெள்ளை நடு, சிவப்பு விளிம்பு, அடியில் நேரம். தடுப்புக்கட்டை கிடையாது, போலீஸ் கிடையாது, கேமரா மட்டும்தான். மேப் "நேரே போ" என்னும், பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார், அந்த இரண்டு நொடியில் முன்சக்கரம் உள்ளே போய்விடும். அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதி அது. நுழைந்தால் அபராதம். வாடகை கார் என்றால் ஓட்டியவர் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கே கார்டில் ஒரு கட்டணம் பிடிப்பார்கள். அபராதக் கடிதம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வீட்டுக்கு வரும்.

ஃபிளாரன்ஸ் திரும்பும்போதும் இதே வலைதான். மின்பலகையில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, போகாதே என்று அர்த்தம்.

மேப்பில் ஊர் பெயரைப் போடாதீர்கள், பார்க்கிங் பெயரைப் போடுங்கள். சான் ஜிமிஞ்ஞானோவில் பி1 ஜுபிலேயோ மலிவு, ஆனால் மேடேறி நடக்கணும். பி2 மொந்தேமாஜ்ஜோ வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் காலையிலேயே நிரம்பிவிடும். இப்படிச் செய்தால் சான் ஜிமிஞ்ஞானோ, மொந்தால்சினோ, பியென்சா மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

வளைவுசாலை:

பலகை பற்றிச் சொன்னது சத்தியம். கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. சான் ஜிமிஞ்ஞானோவிலிருந்து மொந்தால்சினோ 80 கிலோமீட்டருக்கு மேல். சாலை வளைவை வைத்துப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரமாவது பிடிக்கும். பின்சீட்டில் குழந்தை இருந்தால் நடுவில் ஒருமுறை நிறுத்தியே ஆகணும். மதிய உணவு பெரும்பாலான இடங்களில் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடிந்துவிடும். நடுவில் சாலையில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்தான் சாப்பாடு.

வடக்கா தெற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வடக்கு என்றால் காலையில் சான் ஜிமிஞ்ஞானோ, அப்புறம் கியான்தி ஒயின் வட்டாரம். 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் ஊரில் இன்று நிற்பவை 14. அவற்றில் உயரமான தோரே க்ரோஸா 54 மீட்டர். அதன் உச்சிப் பகுதி ஏணி போலச் செங்குத்து, இடுப்பில் குழந்தையோடு ஏற வேண்டாம். பழைய கோட்டை பார்க்கிற ஆசைக்கு மோந்தேரிஜ்ஜோனி போதும்: 13ஆம் நூற்றாண்டில் சியேனாக்காரர்கள் கட்டிய சுற்றுமதில், வழியிலேயே இருக்கிறது, ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. தெற்கு என்றால் பியென்சாவும் மொந்தேபுல்சானோவும், நடுவில் சுமார் 14 கிலோமீட்டர்தான்.

இரண்டு ஊர், ஒரு ஒயின் பாதாள அறை. அதற்கு மேல் சேர்த்தால் எதையுமே பார்த்ததாக இருக்காது.

பீப்பாய்:

வடக்கோ தெற்கோ, ஓட்டுகிறவர் கையில் இருக்கும் கிளாஸைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. மொந்தேபுல்சானோவில் தெருவுக்கு அடியிலேயே பாதாள அறைகள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறும், ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்கு மேல்சட்டை வேண்டும். ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் பீப்பாய், அதன் குழாயடியில் காய்ந்துபோன ஒரு சிவப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே மேலே வந்தால் மேஜையில் ஐந்து கிளாஸ். கிளாஸுக்கு 50 மில்லி என்றாலும் 250 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இத்தாலியில் வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்குப் பூஜ்யம். மேஜையில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அவமரியாதை கிடையாது, தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஓட்டுகிறவர் கூச்சப்படாமல் துப்பட்டும்.

இந்த ஊர் சிவப்பு ஒயின்களில் இளசான ரோஸோவை முதலில் குடியுங்கள், அதிக நாள் பீப்பாயில் முதிர்ந்த நோபிலே பிறகு. நோபிலேயில் தொடங்கினால் ரோஸோ தண்ணீர் மாதிரி இருக்கும். வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவிட்டு அடுத்த ஊரைச் சுற்றப் போகாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், மூடிக்கு அடியில் பிசுபிசுப்பாகக் கசியும். வீட்டில் திறந்தால் வேகவைத்த பழ வாசனைதான் வரும். வாங்குவதைக் கடைசி நிறுத்தத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியா திரும்புகிறவர்கள் கணக்குப் போட்டு வாங்குங்கள். சுங்க வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு உள்ளே வரும், மூன்றாவது எல்லையைத் தாண்டிவிடும். கைப்பையில் ஏற்ற எல்லா விமான நிலையத்திலும் விட மாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவில் வைப்பதுதான் நல்லது.

பூண்டுப்பிச்சி:

சைவக் குடும்பங்களுக்கு ஒன்று. பியென்சா தெருவில் பெக்கொரீனோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ் வட்டங்கள் அடுக்கி வைத்திருக்கும் கடை முன்னால் நின்றாலே கை நீளும். பொதுவாக அந்தப் பாலை உறையவைக்க கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். "காலியோ வெஜெத்தாலே" என்று கேளுங்கள், செடியிலிருந்து எடுத்ததா என்று சொல்வார்கள். சாப்பிட பீச்சி அல்லாக்லியோனே: மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பெரிய பூண்டும் தக்காளியும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பாதீர்கள். பில்லில் "கொப்பெர்தோ" என்று வருவது ஆளுக்கு இவ்வளவு என்ற மேஜைக் கட்டணம்.

கோட்டைவாசல்:

மூன்று ஊர் என்றது தப்பு, வளைவுசாலை சொன்னபடி இரண்டே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனது: தரையில் நீலக்கோடு கட்டணப் பார்க்கிங், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளைக்கோட்டிலும் பக்கத்துப் பலகையில் மணிக்கணக்கு போட்டிருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்கு உள்ளே வைக்கணும். வண்டி எடுக்கும்போதே அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.