தராசு பிடித்த பெண், உடம்பெல்லாம் கண் கொண்ட மனிதர்: 1651ஆம் ஆண்டுப் படத்தை வகுப்பில் எப்படி விளக்குவது?

இயற்பியல் வாத்தியார்:
மேல்நிலை வகுப்புக்காக வானியல் வரலாற்றைப் பற்றி ஒரு பாடம் தயாரிக்கிறேன். ரிச்சோலி என்ற இயேசு சபைத் துறவி 1651இல் இத்தாலியின் போலோஞா நகரில் வெளியிட்ட ‘புதிய அல்மஜெஸ்ட்’ நூலின் முகப்புப் படம் இணையத்தில் கிடைத்தது. ஒரு பெண் தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஒரு தட்டில் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸின் அமைப்பு. மறு தட்டில் பூமியை நடுவில் வைத்த வேறோர் அமைப்பு. பூமி இருக்கும் தட்டுதான் கனத்துத் தாழ்ந்திருக்கிறது. எதிரே தொலைநோக்கியோடு நிற்பவருக்கு உடம்பெல்லாம் கண்கள். முதலில் இந்திரன் என்றே நினைத்துவிட்டேன். உச்சியில் மேகத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. ‘மதம் அறிவியலை அமுக்கியதற்குச் சாட்சி’ என்று மாணவர்களிடம் சொல்லிவிடலாமா?

தெற்குவீதி:
தாராளமாகச் சொல்லலாம். கோப்பர்னிக்கஸின் நூலுக்கு 1616இல் தடை, கலிலியோவுக்கு 1633இல் தண்டனை. அதற்குப் பிறகு ஒரு துறவி படம் போட்டால் தராசு வேறு எந்தப் பக்கம் சாயும்?

பழைய அச்சுக்காரன்:
வாத்தியார் ஐயா, அவசரப்படாதீர்கள். அச்சகத்தில் பிளாக் செய்து பிழைத்தவன் நான். படத்தைப் பார்க்கும்போது என் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகும். இந்தப் படத்தைச் செப்புத்தகட்டில் வெட்டியவர் பிரான்செஸ்கோ கூர்ட்டி. தகட்டில் ஒவ்வொரு எழுத்தையும் இடம்வலமாக மாற்றி வெட்ட வேண்டும். கை ஒரு நூல் பிசகினாலும் தகட்டைச் சுரண்டி, தட்டிச் சமப்படுத்தி மறுபடி தொடங்க வேண்டும். அப்படியும் ஒருவன் இத்தனை வாசகங்களை வெட்டியிருக்கிறான் என்றால் அவற்றைப் படிக்காமல் படத்தைத் தீர்ப்பிடக் கூடாது.

கண்கள் நிறைந்தவர் கிரேக்கப் புராணத்து ஆர்கஸ். அவர் வாயில் இருப்பது வேதாகமத்தின் துதிப்பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தின் எட்டாம் சங்கீதம்: உம் விரல்களின் வேலையாகிய வானங்களைப் பார்ப்பேன் என்கிறார். தராசுக்காரியின் வாசகமும் சங்கீதம்தான், பூமி என்றென்றும் அசையாது என்ற வரி. தொலைநோக்கியை எடுத்துப் பார் என்று சொல்வதும் அதே புத்தகம், பார்த்துவிட்டு இந்த முடிவுக்குத்தான் வர வேண்டும் என்று வரப்பு கட்டுவதும் அதே புத்தகம். படத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, மேலே பறக்கும் குழந்தைத் தேவதைகளின் கைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறையாகத் தேய்ந்த வெள்ளி, துணைக்கோள்களோடு வியாழன், மேடுபள்ளத்தோடு நிலா. எல்லாம் தொலைநோக்கி கொண்டுவந்து சேர்த்த செய்திகள். ஒன்றையும் ரிச்சோலி மறைக்கவில்லை. தரையில் சாய்ந்து கிடப்பவர் தாலமி, பூமியை நடுவில் வைத்துப் பழைய ‘அல்மஜெஸ்ட்’ நூலை எழுதிய பண்டைய வானியலாளர். அவருடைய பழைய அமைப்புத் தராசில் ஏறவே இல்லை, காலடியில் கிடக்கிறது. ‘திருத்தப்படும்போது எழுகிறேன்’ என்று அவரையே பேச வைத்திருக்கிறார்கள். கனத்த தட்டில் இருப்பது டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகியின் அமைப்பை ரிச்சோலி திருத்திய வடிவம்: புதன், வெள்ளி, செவ்வாய் மூன்றும் சூரியனைச் சுற்றும், சூரியனும் நிலாவும் வியாழனும் சனியும் பூமியைச் சுற்றும். வெள்ளியின் பிறைக்கு இதிலும் விளக்கம் கிடைத்துவிடுகிறது.

தெற்குவீதி:
பூசி மெழுகுகிறீர்கள். தட்டு சாய்ந்தது சங்கீதத்தால்தானே?

பழைய அச்சுக்காரன்:
சங்கீதம் இல்லாவிட்டாலும் அன்றைக்கு அந்தத் தட்டு அவ்வளவு லேசாக இல்லை, தம்பி. பூமி அசைவதற்குச் சாதகமாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் ரிச்சோலி எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பாதி சொத்தை என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு வாதங்கள் உறுதியானவை. பூமி சூரியனைச் சுற்றினால் ஆண்டின் போக்கில் விண்மீன்கள் சற்று இடம் மாறித் தெரிய வேண்டும்; யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு தொலைவில் இருப்பதால் தெரியவில்லை என்றால், தொலைநோக்கியில் சிறு வட்டாகத் தெரியும் ஒவ்வொரு விண்மீனும் பூமியின் சுற்றுப்பாதையையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அந்த வட்டு ஒளியின் இயல்பால் வரும் போலித் தோற்றம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

விண்மீன் அளவைப் பற்றிய இந்த வாதத்தை ரிச்சோலிக்கு முன்பே டைக்கோ எழுப்பியபோது, கோப்பர்னிக்கஸை ஆதரித்த வானியலாளர் ரோத்மன் அவருக்குச் சொன்ன பதில் என்ன தெரியுமா? எல்லையற்ற கடவுளுக்கு அவ்வளவு பெரிய படைப்புதான் பொருத்தம் என்பது! கடவுளைச் சாட்சிக்கு இழுத்தது இரு தரப்பும்தான்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1616இன் தடை ரிச்சோலியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாதங்கள் மறுபக்கம் கனத்திருந்தாலும் தராசை அப்படி வரைய விட்டிருக்க மாட்டார்கள்.

பாளையங்கோட்டை வாசகி:
ஒரு சந்தேகம் ஐயா. மேலிருந்து நீளும் கையின் மூன்று விரல்களில் எண், அளவு, எடை என்று லத்தீனில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். வேத வசனமாம். எங்கள் வீட்டு வேதாகமத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்றும் இல்லையே?

பழைய அச்சுக்காரன்:
சீர்திருத்தச் சபைகளின் பதிப்பில் இருக்காது அம்மா. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் ‘சாலமோனின் ஞானம்’ என்ற நூலின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் கடவுள் அளவாலும் எண்ணாலும் எடையாலும் ஒழுங்குபடுத்தினார் என்று வரும். அளக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல அனுமதிச் சீட்டு ஏது? ரிச்சோலி அதை நன்றாகவே பயன்படுத்தினார். போலோஞாவின் அசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டு, ஊசலாட்டத்தை எண்ணி நேரம் கணக்கிட்டு, விழும் பொருளைப் பற்றிக் கலிலியோ சொன்ன விதி சரிதான் என்று அச்சிலேயே போட்டார்.

இயற்பியல் வாத்தியார்:
நன்றி ஐயா. பாடத்தின் போக்கையே மாற்றுகிறேன். தலைப்பை எழுதாமல் படத்தை மட்டும் கொடுத்து, தராசு ஏன் சாய்ந்தது என்று மாணவர்களையே கேட்கப் போகிறேன். தெற்குவீதி சொன்ன 1616, 1633 இரண்டும் கரும்பலகையில் இருக்கும். இதே நூலில் நிலாப் படமும் உண்டு அல்லவா?

பழைய அச்சுக்காரன்:
உண்டு. கிரிமால்டி என்ற இன்னோர் இயேசு சபைத் துறவியும் ரிச்சோலியும் சேர்ந்து செய்தது. 1969இல் மனிதன் இறங்கிய ‘அமைதிக் கடல்’ அந்தப் படத்தில் வைத்த பெயர். எடுப்பான ஒரு பெரும் பள்ளத்துக்குக் கோப்பர்னிக்கஸ் என்றே பெயர் சூட்டியிருக்கிறார். தெற்குவீதிக்கும் ஒரு செய்தி: 1790களின் தொடக்கத்தில் குல்லியெல்மினி என்பவர் அதே அசினெல்லி கோபுரத்தில் ஏறிக் குண்டுகளைப் போட்டார். அவை நேர் கீழே விழாமல் சற்றுக் கிழக்கே தள்ளி விழுந்தன. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பதற்குச் சான்றாக அதைத்தான் அவர் அறிவித்தார்.