முகம் தெரியாதவரோடு வாதாடிய அனுபவங்கள்: திருகோணமலைக்காரர்கள் எழுதுங்கள்

உவர்மலையிலிருந்து

இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு விஞ்ஞானமோ பொருளாதாரமோ அரசியலோ வாதாடியிருப்பீர்கள். அதை இங்கே எழுதுங்கள். யார் வென்றார் என்பது எனக்கு முக்கியமில்லை. பேச்சு எந்த இடத்தில் திரும்பியது, எதைக் கேட்டபோது எதிரே இருந்தவர் நின்று யோசித்தார், அதுதான் வேண்டும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

திருகோணமலைச் சீனக்குடாவில் இருக்கும் எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய ஒரு காணொளியின் கீழே பெரிய சண்டை. "திருகோணமலைத் துறைமுகமே இப்போது இந்தியாவின் கையில்" என்று சென்னைக்காரர் ஒருவர் பெருமையாக எழுதுகிறார். கொழும்பிலிருந்து இன்னொருவர் அதையே கோபமாக எழுதுகிறார். ஒரே பிழையை இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கணக்கை மட்டும் போட்டேன். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி மொத்தம் 99 குதங்கள். அதில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு. மீதி 61 குதங்களை இரண்டும் சேர்ந்து அமைத்த கம்பனி நடத்தும். அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49. குத்தகைக் காலம் 50 வருடம். துறைமுகம் இந்தப் பேச்சிலேயே இல்லை.

சென்னைக்காரர் அதன் பிறகு எழுதவில்லை. கொழும்புக்காரர் கேட்டார்: "சரி, 50 வருடம் என்பது அதிகமில்லையா?" அப்பாடா என்றிருந்தது எனக்கு. அது கேட்கவேண்டிய கேள்வி. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன குதங்கள். பல காலமாகச் சும்மா துருப்பிடித்துக்கிடந்தவை நிறைய. திருத்தப் பணம் போடுகிறவன் நீண்ட காலம் கேட்பான். நாங்கள் எவ்வளவு கொடுக்கலாம் என்று இரவு வெகுநேரம் பேசினோம். உடன்பாடு வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினோம். இணையத்தில் அதற்கே தவம் கிடக்க வேண்டியிருக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து

எங்களுடையது பரம்பரையாக வெள்ளாமை செய்கிற குடும்பம். என்னோடு வாதாடியவர் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், இயற்கை விவசாயத்தில் உயிரையே வைத்திருப்பவர். 2021 இல் எங்கள் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது, "உலகத்துக்கே வழி காட்டிவிட்டீர்கள் அண்ணா" என்று எழுதினார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவருடைய எழுத்தில் கள்ளம் இல்லை என்று தெரிந்தது. அதனால் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கோபத்தை விட்டுவிட்டு நைதரசனைப் பற்றிக் கேட்டேன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. கூட்டெருவில் பொதுவாக 1 சதவீதம், மிக நன்றாகச் செய்தால் 2. அந்த 23 கிலோவைக் கூட்டெருவிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 1,150 முதல் 2,300 கிலோ வரை வேண்டும். ஒரு மூடைக்குப் பதிலாக இவ்வளவு. இதுவும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் மண்ணில் கரையும். நாடு முழுக்க உள்ள வயலுக்கு இவ்வளவு எருவை யார் செய்வது, எந்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது? மே மாதம் தடை வருகிறது. பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் வயலில் இறங்க வேண்டும். இடையில் இருந்த சில மாதங்களில் இது நடக்கிற காரியமா?

தம்பி திருப்பிக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "அப்போ யூரியா வருவதற்கு முன் உங்கள் முன்னோர்கள் எப்படி விளைவித்தார்கள்?"

இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நேரம் எடுத்தது. முன்னோர்கள் விளைவித்த நெல் வேறு. உயரமாக வளரும், வைக்கோல் கூட, மணி குறைவு. அதற்கு அதிகம் பசளை போட்டால் தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். இன்று நாங்கள் விதைக்கிற பிஜி இனங்கள் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. பிஜி என்ற எழுத்தே அந்த ஊரைத்தான் குறிக்கிறது. குட்டையாக நின்று, நைதரசனை வாங்கி, கதிராக்கிக் கொடுப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த இனங்கள். விதையை அப்படியே வைத்துக்கொண்டு பசளையை மட்டும் எடுத்தால் பயிர் மஞ்சளடித்துப் போகும். போனது. அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பக்கம் வயல்கள் நின்ற கோலத்தை நான் எழுதியபோது அவர் நீண்ட நேரம் பதில் போடவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் உலகச் சந்தையிலும் யூரியா விலை ஏறிவிட்டது, நாட்டில் டொலரும் இல்லை. நீக்கியும் கைக்கு வரவில்லை.

பிறகு அவர் எழுதியதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். மண்ணில் சேதனப் பொருள் குறைந்துகொண்டே போனால் அதே விளைச்சலுக்கு வருடா வருடம் பசளை கூடக் கேட்கும், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றார். உண்மைதான். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மக்கவிடுவது, கூட்டெருவையும் யூரியாவையும் சேர்த்துப் போடுவது, இதையெல்லாம் பற்றி இப்போதும் பேசிக்கொள்கிறோம். ஆணை போட்டு ஒரே இரவில் மாற்றுவதைத்தான் நான் எதிர்த்தேன், எதிர்ப்பேன். வரப்பில் கால் வைக்காதவர்கள் எடுத்த முடிவுக்கு எங்கள் பிள்ளைகளின் சோறு போனது.

கிண்ணியாவிலிருந்து

கடை வைத்திருக்கிறேன். அதனால் பொருளாதார வாதம் எனக்குக் கல்லாவுக்கு முன்னாலும் நடக்கும், போனிலும் நடக்கும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், யாரென்று தெரியாது, எழுதியிருந்தார்: "பணவீக்கம் 70 இலிருந்து 1 க்கு வந்துவிட்டதாம். அரிசி விலை அப்படியே இருக்கிறது. மத்திய வங்கி பச்சைப் பொய் சொல்கிறது." கீழே நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி. நான் அவரைப் பொய்யர் என்றோ விளங்காதவர் என்றோ சொல்லவில்லை. ஒரு 100 ரூபா சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். 2021 செப்டெம்பரில் 100 ரூபா. கொழும்பு விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், அப்போ 169 ரூபா 80 சதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். அந்த 1.3 ஏறுவது பழைய 100 மேல் அல்ல, 169.80 மேல். ஆக 172 ரூபா. பணவீக்கம் குறைந்தது உண்மை, விலை ஏறுகிற வேகம் அடங்கியது. ஏறிய விலை இறங்கவில்லை, அதுவும் உண்மை. மத்திய வங்கி சொன்னதும் சரி, நீங்கள் சந்தையில் கண்டதும் சரி.

அவர் ஒரு வரியில் பதில் போட்டார். "அப்படியென்றால் 100 ரூபாவாக இருந்த என் சம்பளம் 172 ஆகியிருக்க வேண்டும் நானா, 120 கூட ஆகவில்லையே."

எவ்வளவு சரியாகப் பிடித்தார் பாருங்கள். அந்த 52 ரூபாதான் முழு விஷயமும். அது எங்கே போனது, யாருக்குப் போனது? கடன்கட்டுவதை நிறுத்தியது, ரூபா டொலருக்கு 200 இலிருந்து 360 க்கு விழுந்தது, 2019 கடைசியில் வற் வரியை 15 இலிருந்து 8 ஆக்கியதால் போன வருமானம் என்று எல்லாவற்றையும் அன்றைக்குப் பேசினோம். கணக்கைக் கேட்டதும் அவருடைய கோபம் குறையவில்லை. எதன் மேல் கோபப்பட வேண்டும் என்று தெளிவாகியது. அதுவே எனக்குப் போதும்.

உவர்மலையிலிருந்து

கிண்ணியா நானா, இந்த 100 ரூபாக் கணக்கை நான் என் அலுவலகத்தில் சொல்லப்போகிறேன்.

சாம்பல்தீவிலிருந்து

விஞ்ஞான ஆசிரியை. பூமி தட்டை என்று உறுதியாக நம்பும் சென்னை இளைஞர் ஒருவரோடு நடந்தது என்னுடையது. நாசா படம் எல்லாம் பொய் என்பவரிடம் இன்னொரு படத்தைக் காட்டிப் பயனில்லை. அதனால், "நீங்களே பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், என்ன தெரியும் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே எழுதிவைப்போம், பிறகு பாருங்கள்" என்றேன். அதற்கு உடனே சம்மதித்தார். நல்ல பிள்ளை.

எங்கள் மாணவர்களுக்குக் கோணேசர் மலையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான். மீற்றரில் உள்ள கண் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றரில் என்று வரும். டச்பே மணலில் நிற்பவருக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். 100 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கு 36 கிலோமீற்றர். மணலில் நிற்பவருக்கு அடிப்பாகம் மறைந்த கப்பல் மேலே ஏறியதும் முழுசாகத் தெரியும். அவருக்கு மெரினாவும் அங்கே கலங்கரை விளக்கமும் இருந்தன. துறைமுகத்துக்கு வெளியே காத்துநிற்கும் கப்பலைக் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் பார்க்கச் சொன்னேன். பூமி உருண்டையென்றால் கீழேயிருந்து அடிப்பாகம் மறையும், தட்டையென்றால் இரண்டிலும் ஒன்றாகவே தெரியும். இரண்டு பேரும் எழுதிவைத்தோம்.

போய்ப் பார்த்தார். கப்பலின் கீழ்ப்பாகம் மணலிலிருந்து தெரியவில்லை, மேலேயிருந்து தெரிந்தது என்று நேர்மையாகவே எழுதினார். எழுதிவிட்டு, "ஆனால் அது காற்றில் ஒளி வளைவதால் இருக்கலாம் மிஸ்" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது விஞ்ஞானக் கேள்வி! கடல்மேல் ஒளி வளைவது உண்மை. ஆனால் வழமையாக அது பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டுதான் வளையும். அதனால் அடிவானம் சுமார் 8 சதவீதம் தள்ளிப்போகும், மறையவேண்டியது கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அதாவது ஒளி வளைவு கப்பலை மறைக்கவில்லை, காட்டித் தருகிறது. இதைப் படம் வரைந்து அனுப்பினேன். பூமி உருண்டை என்று அவர் ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மேலும் மேலும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். என் வகுப்பில் இப்படி நாலு பிள்ளைகள் கேட்டால் போதும் எனக்கு.

சம்பூரிலிருந்து

மேலே எழுதியவர்கள் எல்லாம் கணக்கால் பேச்சைத் திருப்பியிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது வேறு.

எங்கள் ஊரில் 500 மெகாவாற் அனல் மின்னிலையம் வரவிருந்தது. 2016 இல் கைவிட்டார்கள். இப்போது 120 மெகாவாற் சூரிய மின்னிலையம், 2025 ஏப்ரலில் அதன் கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார்கள். இதைப் பற்றிச் சிங்களப் பொறியியலாளர் ஒருவர் எழுதியிருந்தார், உங்கள் போராட்டத்தால் நாட்டின் மின்சாரம் விலை கூடியது என்று. அவருடைய கணக்கில் பிழை இல்லை. சூரிய மின்னிலையம் வருடச் சராசரியில் தன் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்குதான் தரும், 120 என்பது 24 போலத்தான். அனல் மின்னிலையம் இரவு பகலாக ஓடும். நிலக்கரியை டொலர் கொடுத்து வாங்க வேண்டுமே, 2022 இல் டொலர் இல்லாமல் பட்ட பாடு மறந்துவிட்டதா என்று நான் கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இப்படியே போயிருந்தால் இரண்டு நாட்களில் முடிந்திருக்கும்.

"நீங்கள் அந்த இடத்தில்தான் இருந்தீர்களா?" என்று கேட்டார். 2006 இல் இடம்பெயர்ந்தோம், கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தோம், 2015 க்குப் பிறகுதான் திரும்பினோம் என்று எழுதினேன். அந்த இடைக்காலத்தில்தான் எங்கள் காணியில் என்ன கட்டுவது என்று கொழும்பில் கையெழுத்து வைத்தார்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றும் எழுதினேன். அவர் நிறைய வருடம் மின்சாரத் துறையில் இருந்தவர். திட்ட அறிக்கைகளில் சம்பூரைப் பார்த்திருக்கிறார், அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். மெகாவாற்றில் அவர் தன் நிலையிலேயே இருக்கிறார். காணிக்கு நட்டஈடும் ஊராரின் சம்மதமும் திட்டச் செலவின் முதல் வரியாக வரவேண்டும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார். எனக்கு அது சின்ன விஷயமில்லை.

நகரத்திலிருந்து

என்னுடையது சுருக்கம். 2024 ஜனாதிபதித் தேர்தல் முடிந்ததும் கனடாவிலிருந்து ஒருவர்: "42 சதவீதம் எடுத்தவர் எப்படி ஜனாதிபதி? மோசடி." சட்டத்தை எழுதினேன். யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024 இல்தான் முதல்முறையாக அப்படி எண்ண நேர்ந்தது. அனுர குமார திசாநாயக்க 56,34,915 இலிருந்து 57,40,179 ஆனார். சஜித் பிரேமதாச 43,63,035 இலிருந்து 45,30,902 ஆனார். விருப்ப வாக்கில் சஜித்துக்குத்தான் அதிகம் சேர்ந்தது, இடைவெளியை மூட அது போதவில்லை.

அவர் மோசடிப் பேச்சை விட்டுவிட்டு வேறொன்றைக் கவனித்துச் சொன்னார். மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அதில் இருவருக்கும் சேர்ந்த விருப்பம் 2,73,131 மட்டும். மற்ற 30 இலட்சம் பேரும் என்ன செய்தார்கள்? பெரும்பாலானோர் ஒரே ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் பொது வேட்பாளருக்கு வாக்களித்த இரண்டே கால் இலட்சம் பேரில் எத்தனை பேர் 1, 2, 3 என்று அடையாளமிட்டிருப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். 1, 2, 3 என்று எப்படி அடையாளமிடுவது என்பதை விளக்கி ஒரு படம் செய்துகொண்டிருக்கிறோம், அவர் அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும். தம்பலகாமத்து அண்ணா, கிண்ணியா நானா, முடிந்ததும் அனுப்புகிறேன், உங்கள் பக்கம் அடுத்த தேர்தலுக்கு முன் கொடுங்கள்.