'நாக்' தரநிலையை நம்பி பிசியோதெரபி கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமா?

பெரம்பூர் பெற்றோர்:
என் மகள் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) படிக்க விரும்புகிறாள். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று அளிக்கும் தேசிய அமைப்பான 'நாக்' வழங்கிய மிக உயர்ந்த ஏ++ தரத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறது. மற்றொன்று, கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற கல்லூரி. கட்டணம் குறைவு, ஆனால் 'நாக்' சான்று இல்லை. பின்னாளில் அவள் இங்கிலாந்து செல்ல நினைத்தால் அது தடையாகுமா?

பிசியோதெரபி விரிவுரையாளர்:
ஐயா, இணைப்பு வேறு, தரச்சான்று வேறு. இணைப்பு இல்லாமல் அந்தக் கல்லூரியின் மாணவர்கள் பட்டம் பெற முடியாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தன் பட்டத்தைத் தானே வழங்குவதால் அதற்கு அந்த இணைப்புத் தேவையில்லை. 'நாக்' மதிப்பிடுவது நிறுவனம் முழுவதையும் என்பதால், பொறியியலும் மேலாண்மையும் பல் மருத்துவமும் சேர்ந்து ஈட்டிய தரத்தில் பிசியோதெரபித் துறையின் பங்கு எவ்வளவு என்பது அந்த எழுத்திலிருந்து தெரியாது. அதற்குக் காலவரம்பும் உண்டு. விளம்பரத்தை விட்டுவிட்டுச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள்.

சுகாதாரத் தொழில்சார் படிப்புகளுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம், இத்துறையினருக்கான பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆனால் அந்த நேரம் எங்கே கழிகிறது என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு. ஆய்வுக் குழு வரும் நாளில் எல்லாக் கல்லூரியும் நன்றாகத்தான் இருக்கும்! சாதாரண வேலைநாள் காலையில் போய், ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள், பக்கவாத நோயாளிகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் மாணவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா, பயிற்சிக்கான மருத்துவமனை சொந்தமா ஒப்பந்தமா என்று விசாரியுங்கள்.

இங்கிலாந்தில் பணிபுரிபவர்:
இங்குள்ள பதிவு அமைப்பான எச்.சி.பி.சி., வெளிநாட்டில் படித்தவர்களின் விண்ணப்பத்தைத் தனித்தனியாக ஆராய்கிறது. அவர்கள் பார்ப்பது பாடத்திட்டத்தையும் பயிற்சியையும் பணி அனுபவத்தையும்தான். 'நாக்' தரத்தை யாரும் கேட்கவில்லை. எனவே எலும்பியல், நரம்பியல், இதயம்-நுரையீரல் என்று பிரிவுவாரியாகப் பயிற்சி நேரத்தைக் குறிப்பிடும் சான்றையும், முத்திரையிட்ட பாடத்திட்ட நகலையும் படிப்பு முடிந்த கையோடு வாங்கிவிட வேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அலுவலகத்தில் அலைய விடுவார்கள்.

பெரம்பூர் பெற்றோர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஏ++ தரத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாமா?

பிசியோதெரபி விரிவுரையாளர்:
அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். மதிப்பீட்டுக்காகக் கல்லூரி தயாரிக்கும் சுய ஆய்வறிக்கை அதன் இணையதளத்தில் இருக்கும். அதில் பிசியோதெரபித் துறையின் ஆசிரியர் விவரங்கள் இருந்தால் எடுத்து, நேரில் பார்ப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் தயங்காமல் சேர்க்கலாம்.