கேரெக்ஸின் ‘பெரிஜினியம்’: சூற்சிமிழ் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நீலகிரிச் சதுப்புக் கோரைகளுக்கான களக்குறிப்பில் ‘பெரிஜினியம்’ (பெண்பூவை மூடியிருக்கும் சிறு கூடு) இன்னும் ஒலிபெயர்ப்பாகவே கிடக்கிறது. கோரைக் குடும்பத்துப் பேரினமான கேரெக்ஸின் இனங்களைப் பிரித்தறிவதே பெரிதும் அந்த உறுப்பை வைத்துத்தான். அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லாமல் மற்றதையெல்லாம் தமிழில் எழுதிப் பயனில்லை.

முப்பட்டைத் தண்டு, உள்ளே கெட்டி, இலைகள் மூன்று வரிசை, இலையுறை பிளவில்லாத குழாய்: இவை இருந்தால் பெரும்பாலும் கோரைக் குடும்பம்தான். (தோதவர் கோயில் கூரை வேயும் எரியோகிரைசிஸ் சதுப்பில் வளர்ந்தாலும் புல்தான், இலைகள் இரண்டே வரிசை.) பிறகு பெண்பூ ஒன்றைச் செதிலோடு எடுத்து 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். செதிலின் கோணத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீளத்தில் மூடிய கூடு ஒன்று இருக்கும், அதுதான் பெரிஜினியம். அதன் நுனி அலகாகக் கூம்பி, சூலகமுடிகள் (மகரந்தம் ஏற்கும் நுனிகள்) மட்டும் வெளியே நீண்டிருக்கும். பிளேடு முனையால் பக்கவாட்டில் கீறினால், சுவரில் ஒட்டாமல் அடியில் மட்டும் பற்றியபடி மணி (ஒரு விதையுள்ள சிறு காய்) தெரியும். மற்றக் கோரைப் பேரினங்களான சைப்பரஸிலும் கில்லிங்காவிலும் இந்தக் கூடு கிடையாது. மணி செதிலுக்குள் வெறுமனே இருக்கும்.

வந்த பரிந்துரைகளில் ‘சூலுறை’ ஆகாது. சூலைச் சுற்றிய உறைக்குப் பாடநூல்களில் அது நிலைத்துவிட்டது. ‘கனிப்பை’ என்றால் கனியின் பகுதி என்றே படிப்பவர் கொள்வார். உண்மையில் இது மடிந்து விளிம்பு இணைந்த ஒரு செதிலிலை, பூக்கும்போதே இருக்கிறது. தவிர, அதே சதுப்பில் யூட்ரிகுலேரியாவின் பூச்சி பிடிக்கும் உறுப்பையும் ‘பை’ என்றுதான் எழுதுகிறோம். ‘மணிக்கூடு’ இலங்கையில் கடிகாரம்.

என் முன்மொழிவு ‘சூற்சிமிழ்’. பூவுக்கும் பொருந்தும், காய்க்கும் பொருந்தும், சுருக்கிச் ‘சிமிழ்’ என்றாலும் புரியும். மூன்று கேரெக்ஸ் இனங்களுக்கு எழுதிப் பார்த்தேன். நுபிஜெனா: சூலகமுடி 2, ஒவ்வொரு சிறுகதிரிலும் மேலே ஆண், கீழே பெண், சிமிழலகு இருபல். ஃபகோட்டா: சூலகமுடி 2, நுனிக்கதிர் ஆண், பக்கக்கதிர்கள் பெண், சிமிழின்மேல் நுண்புடைப்புகள். பாக்கன்ஸ்: சூலகமுடி 3, முதிர்ந்த சிமிழ் சிவந்து சிறுபழம்போல் உப்பும். சூலகமுடி 2 என்றால் மணி தட்டை, 3 என்றால் முப்பட்டை. எங்கும் சொல் இடறவில்லை.

— கோத்தகிரியிலிருந்து

ஐயா,

சூற்சிமிழை ஏற்கிறேன். முன்பு தனிப் பேரினமாக இருந்து 2015-இல் கேரெக்ஸோடு சேர்க்கப்பட்ட கோப்ரீசியாக்களில் பலவற்றில் விளிம்பு இணையாமல் திறந்திருக்கும். ‘திறந்த சிமிழ்’ என்று அதையும் சொல்லிவிடலாம்.

நாற்றங்காலுக்கு இந்தச் சொல் இன்னும் அவசியம். சிமிழுக்குள் காற்று நிற்பதால், அப்படியே தண்ணீரில் போட்டால் நல்ல மணியும் மிதக்கும். பதர் என்று நினைத்து அத்தனையையும் கொட்டிவிடுகிறார்கள். கதிரை விரலால் உருவும்போது சிமிழ்கள் தாமாக உதிர்கிற பருவத்தில் சேகரித்து (காப்புக்காட்டில் என்றால் வனத்துறை அனுமதியோடு), நிழலில் உலர்த்தி, ரப்பர் விரிப்பில் மெதுவாகத் தேய்த்துச் சிமிழை நீக்க வேண்டும். மிதப்புச் சோதனை அதற்குப் பிறகுதான்.

கேரெக்ஸ் பலவற்றுக்கு ஈரக்குளிர் உதவும்: ஈரமணலில் கலந்து 4 டிகிரியில் 4 முதல் 6 வாரம். பிறகு மேலாக விதைத்துக் கையால் அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும். மண் போட்டு மூடினால் முளைப்பு விழுந்துவிடும். விதைத்தட்டை 1 செ.மீ. ஆழத் தண்ணீரில் வையுங்கள். மேற்பரப்பில் பாசி ஏடு படிந்தால் நாற்று மூச்சடைத்துப் போகும். நீர்மட்டத்தைக் குறைத்து ஏட்டை விலக்குங்கள்.

அவசரம் என்றால் தூர் பிரிப்பதே மேல். 3 முதல் 5 குருத்துள்ள துண்டாகப் பிரித்து, இலையை 15 செ.மீ.க்கு வெட்டி, குருத்தடி மண்மட்டத்தில் நிற்க நடவும். புதைத்தால் அழுகும். சாணமோ யூரியாவோ போட்டால் வேகமாகப் படரும் அயல் புல்லான கிக்குயூதான் செழிக்கும், கோரை அதனடியில் அமுங்கிவிடும்.

ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். குறிப்பில் பொத்தாம்பொதுவாக ‘விதை’ என்று எழுத வேண்டாம். சிமிழோடு இருப்பதைச் ‘சிமிழ்மணி’, நீக்கியதை ‘வெறுமணி’ என்று பிரித்து எழுதுங்கள். 10 கிராம் என்றால் இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது.

— கொடைக்கானலிலிருந்து